கண்டிகை கோக்கும் கைகள்

சைவர்தம் திருமேனியில் விளங்கவேண்டிய சின்னங்கள் திருநீறும் உருத்திராக்கமும் ஆகும். திருநீறு திருக்கோயிலில் விலையின்றிக் கிடைக்கின்றது. உருத்திராக்கத்தையோ விலைகொடுத்தே பெறவேண்டியுள்ளது. விலை என்று வந்தபின் ஏமாற்றும் உடன்வருதல் உலக இயல்பு.

சென்ற ஆண்டு மகா சிவராத்திரிக்கு முதல்நாள் மூதாட்டி ஒருவர் எங்கள் ஆலய அலுவலகத்திற்கு வந்தார். வெல்வெட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே ஒற்றை மணி. "ஒருமுகம் ஐயா. 800 வெள்ளி. சுவாமி பாதத்தில் வைத்து எடுத்துத் தங்கப் பூண் போட்டு அவருக்குக் கட்டவேண்டும்" என்றார். அவருடைய கணவர் நெடுநாளாகப் படுக்கையில் இருப்பதை நாங்கள் அறிவோம்.

குருக்கள் மணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். நான் மண்டபத்தில் மாலை கோத்துக்கொண்டிருந்த பத்தரை அழைத்தேன். நகைப்பட்டறைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆலயத் தொண்டாகக் கண்டிகை கோத்துத் தருபவர் அவர்.

உருத்திராக்கத்தின் முகம் என்பது மணியின் மேல் முனையிலிருந்து கீழ்முனை வரை ஓடும் பள்ளக் கோடுகளின் எண்ணிக்கை. குறுக்கே வெட்டினால் உள்ளே அத்தனை அறைகள் தென்படும். மரத்தில் காய்ப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஐந்துமுகமே. உருண்டை வடிவ ஒருமுகம் காண்பதற்கு மிகவும் அரியது. அரிதாக இருப்பதனாலேயே செயற்கையாகச் செய்யப்படுகின்றது. வேறு கொட்டைகளில் கோடு செதுக்குவார்கள், இரண்டு மணிகளைப் பசையிட்டு ஒட்டுவார்கள், இருக்கும் கோடுகளை அடைத்து மறைப்பார்கள். நீரில் மூழ்கினால் உண்மை, மிதந்தால் போலி என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. நன்கு உலர்ந்த நல்ல மணியும் மிதக்கும். கனமேற்றிய போலியும் மூழ்கும்.

பத்தர் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் நோக்கினார். "அம்மா, இதை வெந்நீரில் போட உத்தரவு தருவீர்களா?" என்று கேட்டார். அம்மையார் தயங்கினார், பின்பு தலையசைத்தார். சிறிது நேரத்தில் நீர் கலங்கியது. பத்தர் மணியை எடுத்துத் தூரிகையால் தேய்த்தபோது கோடுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. எண்ணிப் பார்த்தோம், ஐந்து.

அம்மையார் அழவில்லை. "சுவாமிக்குத் தெரியுமே ஐயா, நான் நம்பித்தானே வாங்கினேன்" என்று மட்டும் கூறினார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பத்தர்தாம் சொன்னார்: "பணம் போயிற்று அம்மா. மணி போகவில்லை. இது அசல் ஐந்துமுகம், பழுதில்லாத மணி. ஐயாவுக்குத் தாராளமாகக் கட்டலாம்."

நேபாளத்து மணிகள் நெல்லிக்காய் அளவில் பருத்திருக்கும். சாவகத் தீவின் மணிகள் சுண்டைக்காய் போலச் சிறியவை. இந்தியச் சந்தைகளுக்குச் செல்லும் மணிகளுள் பெரும்பங்கு நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் விளைபவையே. சாவக மக்கள் அம்மரத்தை 'கனித்ரி' என்பர். காசியிலிருந்து வந்தது என்று பெருமையுடன் நாம் அணியும் மாலை, கடலுக்கு அப்பால் நம் பக்கத்திலிருந்தே புறப்பட்டதாகவும் இருக்கலாம். பழம் ஒளிரும் நீலநிறம் கொண்டது. அந்நீலம் சாயப்பொருளால் வருவதன்று. தோலின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. திரிபுர சங்காரத்தின்போது இறைவன் திருக்கண்ணிலிருந்து சிந்திய நீரே இம்மரமாயிற்று என்று புராணம் கூறும்.

பழத்தைப் பல நாள் நீரில் ஊறவைத்துச் சதையைக் கழற்றி, பள்ளங்களில் ஒட்டியிருப்பதைத் தூரிகையால் தேய்த்து உலர்த்துவார்கள். காம்பு நின்ற இடத்திலிருந்து மணியின் நடுவே இயற்கையாகவே துளை செல்கின்றது. பத்தர் அதனைக் கைத்துளைப்பானால் சற்றே அகலப்படுத்துவார். நல்லெண்ணெய் தடவி வைத்தால் மணி வெடிக்காது. பின்பு ஒரே அளவான மணிகளைப் பொறுக்கி, மணிக்கு மணி முடிச்சிட்டுக் கோப்பார். முள்முள்ளான மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாமல் முடிச்சு காக்கும். நூல் அறுந்தாலும் மாலை முழுதும் சிதறாது. வெள்ளிக் கம்பியில் கட்டுவதானால் ஒவ்வொரு மணிக்கும் இருபுறமும் கண்ணி வளைக்கவேண்டும். அவசரக்காரர்களுக்கு இவ்வேலை ஒத்துவராது.

கழுத்துக்கு 32 மணியும் மார்புக்கு 108 மணியும் என்று ஆறுமுக நாவலர் தம் சைவ வினாவிடையில் கணக்குத் தந்துள்ளார். நகரத்தார் ஆடவர் மணிவிழாவில் அணியும் கௌரிசங்கத்தில் பெருமணிகளோடு, விடைமேல் அமர்ந்த அம்மையப்பர் பொற்பதக்கமும் விளங்கும். பொன்னையே விதையால் நிறுத்த மரபு நம்முடையது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையாருக்கு அளித்த அணிகலன்களின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கல்வெட்டிலே பொறிக்கப்பட்டுள்ளது. 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. இந்நாட்டில் 'சாகா' மரத்தடியில் நம் பிள்ளைகள் பொறுக்கும் சிவப்பு விதையே அந்த மஞ்சாடி. கருப்புப் பொட்டுடைய குன்றிமணி வேறு. அது கொடிய நஞ்சுடையதாதலால் அதில் கோத்த மாலையைக் குழந்தைகளுக்கு அணிவிக்கலாகாது.

அம்மையாரின் மணியை நாயகமணியாக வைத்து, 54 மணி சேர்த்து, சிவராத்திரி மூன்றாம் காலப் பூசைக்குள் பத்தர் மாலை கோத்து முடித்தார். அபிடேகம் ஆனபின் குருக்கள் அதனை அம்மையார் கையில் கொடுத்தார். தங்கப் பூண் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

இவ்வாண்டு விழாவில் உருத்திராக்கம் விற்கும் கடைக்காரர்கள் முகத்தையும் விலையையும் எழுதிய பற்றுச்சீட்டு தரவேண்டும் என நிருவாகக் குழு முடிவு செய்துள்ளது. வெளியே சாலையோரத்தில் விற்பவர்களுக்கு எங்கள் விதி செல்லாது. அன்பர்கள்தாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். பத்தர் மாலை 5 மணி முதல் மண்டபத்தின் வடபுறத்தில் அமர்ந்திருப்பார். ஐயமுள்ள மணிகளை அவரிடம் காட்டலாம். கோத்துத் தருவதற்குக் கட்டணம் இல்லை. அவரிடம் தொழில் பழக இரண்டு இளைஞர்கள் முன்வந்துள்ளனர். இன்னும் சிலர் வந்தால் நலம். முடிச்சிடும்போது இப்போது அவருக்குக் கை சற்றே நடுங்குகின்றது.