இரட்டை ஆதாயம் என்பது குற்றமா? இளையோர் விளையாட்டு நிர்வாகிகளுக்கு திராவிட் விவகாரம் உணர்த்துவது என்ன?

பெங்களூரு: தேசிய கிரிக்கெட் அகாடமியின் தலைவராக ராகுல் திராவிட் 2019 ஜூலையில் நியமிக்கப்பட்டார். அடுத்த மாதமே, இரட்டை ஆதாயப் புகார் குறித்து விளக்கம் கேட்டு அவருக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. நேர்மைக்குப் பெயர் பெற்ற ஒருவர் மீது இத்தகைய கேள்வி எழுந்தது ஏன்?

இரட்டை ஆதாயம் என்றால் என்ன?

ஒருவர் வகிக்கும் பொறுப்பும், அவருக்குள்ள வேறொரு தொடர்பும் ஒன்றோடொன்று மோதும் நிலையே இரட்டை ஆதாயம். அவர் தவறு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. அவரது முடிவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் என்ற நியாயமான ஐயம் எழுவதே போதுமானது. எனவே இது ஒருவரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அவர் இருக்கும் நிலையைப் பற்றிய கேள்வி.

2017: ஒன்றைக் கைவிட்ட முடிவு

இந்தியா 'ஏ' மற்றும் 19 வயதுக்குட்பட்டோர் அணிகளின் பயிற்சியாளராக இருந்த திராவிட், அதே காலத்தில் ஐபிஎல் தொடரில் டெல்லி அணியின் ஆலோசகராகவும் இருந்தார். உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் குழுவிலிருந்து 2017 ஜூனில் விலகிய பெங்களூரு வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, தேசிய அணிகளின் பயிற்சியாளர்கள் ஐபிஎல் ஒப்பந்தங்களையும் வைத்திருப்பதைத் தமது கடிதத்தில் கடுமையாக எதிர்த்தார். அம்மாத இறுதியில் இளையோர் அணிகளுக்கான திராவிட்டின் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. டெல்லி அணியின் பொறுப்பை அவர் துறந்தார். 2018 பிப்ரவரியில் அவரது பயிற்சியில் இந்தியா இளையோர் உலகக் கோப்பையை வென்றது.

2019: விளக்கமும் தீர்ப்பும்

இரண்டாவது புகாரை அளித்தவர் மத்தியப் பிரதேச கிரிக்கெட் சங்க உறுப்பினர் ஒருவர். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியுடன் தொடர்புடைய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தில் திராவிட் துணைத் தலைவர் பதவியில் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். அந்நிறுவனத்திலிருந்து விடுப்பு பெற்றுள்ளதாக திராவிட் விளக்கமளித்தார். அவரை நேரில் விசாரித்த பிசிசிஐ நன்னடத்தை அதிகாரியான ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே. ஜெயின், 2019 நவம்பரில் புகாரைத் தள்ளுபடி செய்தார்.

விதி என்ன கூறுகிறது?

நீதிபதி லோதா குழுவின் பரிந்துரைகளின் அடிப்படையில் 2018-இல் நடைமுறைக்கு வந்த பிசிசிஐ சட்டதிட்டத்தின் 38-ஆவது விதி இதனைக் கையாள்கிறது. பொறுப்பேற்ற 15 நாள்களுக்குள் தமக்குள்ள தொடர்புகளை ஒருவர் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். முரண்பாடுகள் இருவகையாகப் பிரிக்கப்படுகின்றன. முழுமையாக வெளிப்படுத்தி, குறிப்பிட்ட முடிவிலிருந்து ஒதுங்குவதன் மூலம் தீர்க்கக்கூடியவை ஒரு வகை. அவ்வாறு தீர்க்க இயலாதவை மற்றொரு வகை. பின்னதில் ஏதேனும் ஒரு பொறுப்பைத் துறப்பதே வழி. தேர்வாளர், அணி அலுவலர், ஐபிஎல் அணி ஊழியர், தனியார் கிரிக்கெட் அகாடமி உரிமையாளர் போன்ற பொறுப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்டதை ஒருவரே ஒரே நேரத்தில் வகிக்கக் கூடாது என்றும் விதி கூறுகிறது.

பள்ளி, மாவட்ட அளவில் என்ன செய்யலாம்?

இந்த விதி பிசிசிஐக்கு உரியது என்றாலும், அதன் அடிப்படை எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். தேர்வுக்கு வரும் சிறுவர்களில் தம் பிள்ளையோ, உறவினர் பிள்ளையோ, கட்டணம் செலுத்தித் தம்மிடம் பயிற்சி பெறுபவரோ இருந்தால், தேர்வாளர் அதைத் தேர்வு தொடங்கும் முன்பே எழுதித் தர வேண்டும். அந்தப் பெயர் விவாதிக்கப்படும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும். மதிப்பெண்ணும் இடக் கூடாது. அவர் ஒதுங்கியது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். தம் அகாடமி மாணவர்களே பெருமளவில் பங்கேற்கும் தேர்வு என்றால், ஒவ்வொரு பெயருக்கும் ஒதுங்குவது நடைமுறையில் இயலாது. அப்போது தேர்வுப் பொறுப்பையே ஏற்காமல் இருப்பதுதான் முறை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

இளையோர் விளையாட்டில் வயது வரம்பு உண்டு. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஒரு வீரர் ஒருமுறை மட்டுமே ஆடலாம் என்று பிசிசிஐ 2016-இல் முடிவு செய்தது. தவறவிட்ட ஆண்டு திரும்ப வராது. பட்டியலில் இடம் கிடைக்காத சிறுவனுக்கு, தன்னைவிடச் சிறப்பாக ஆடியவரே தேர்வானார் என்ற நம்பிக்கையாவது மிஞ்ச வேண்டும். தேர்வானவருக்கும் இது அவசியம். தேர்வாளரின் மகன் தகுதியால் இடம்பெற்றிருந்தாலும், தந்தை ஒதுங்காவிட்டால் அந்தத் தகுதியை ஊர் ஒப்புக்கொள்ளாது.