உங்களுக்குத் தெரியுமா? "வெயிலா? பழகிடும்பா!"

துறைமுகத்துக்குப் புதிதாக வரும் ஆளிடம் சீனியர் சொல்வது இதுதான்: "பழகிடும்பா!" நிஜம்தான். எத்தனை நாளில்? 7 முதல் 14!

வெயில் பழகப் பழக ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடிவிடும். அதே மூட்டை, அதே ஏணி... ஆனால் இதயத்துடிப்பு முன்பைவிடக் குறைவு!

திருவொற்றியூரில் ஷிப்ட் முடித்து வரும் புது ஆளின் நீலச் சட்டையைப் பாருங்கள். முதுகில் வெள்ளைக் கோடு. அத்தனையும் உப்பு! உடம்பு பழகிவிட்டால் வியர்வையில் உப்பு குறைந்துவிடும்!

பழகிய ஆளுக்குத் தண்ணீர் கொஞ்சம் போதுமா? தலைகீழ்! அவருக்குத்தான் சீக்கிரம் வியர்க்கும், கூடுதலாகவும் வியர்க்கும். 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர்!

1 லிட்டர் வியர்வை ஆவியானால் உடம்பை விட்டுப் போகும் சூடு சுமார் 580 கிலோகலோரி! சொட்டிக் கீழே விழுந்தால்? பூஜ்யம்! ராயபுரம் புழுக்கத்தில் இதுதான் வில்லன்!

காசிமேட்டுப் பக்கம் காலையில் ஓடுகிறவர்களே, வெயிலில் சும்மா உட்கார்ந்தால் அரைகுறைப் பழக்கம்தான். உடம்பை அசைத்து வியர்க்க வேண்டும்!

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் புது ஆட்களைச் சூடான, ஈரமான அறையில் படி ஏறி இறங்க வைத்தார்கள். பல நாள் பழக்கிய பிறகே சுரங்கத்துக்குள் அனுமதி!

வேலையிடத்தில் வெப்பத்தால் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது முதல் நாள் வேலை! 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள்! சொல்வது அமெரிக்கக் கணக்கு.

அதனால் அங்கே பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் தரும் கணக்கு: புது ஆளுக்கு முதல் நாள் வெயில் வேலை 20 சதவீதம்தான். தினம் 20 கூட்டினால் 5-ஆம் நாள் முழு வேலை! லீவு முடிந்து வரும் பழைய ஆளுக்கு? 50, 60, 80, 100!

ஒரு வாரம் வெயில் படாமல் இருந்தால் பழக்கம் கழன்றுபோகத் தொடங்கும். ஒரு மாதத்தில் அநேகமாக மொத்தமும் காலி!

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான வெயில் 45 டிகிரி செல்சியஸ்!

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு 2024-இல் அறிவித்துவிட்டது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் 4 லட்சம் ரூபாய்!

வெயிலில் வேலை பார்ப்பவருக்குப் பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா? "பழகிடும்" என்று விடாதீர்கள். நிழலுக்குத் தூக்குங்கள், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள், உடனே கூப்பிடுங்கள்: 108!