திருப்பிக் கொடுக்காத கேமரா
சட்டைப்பைக் கருவிகள் – 7

2005 ஜூன் மாதம் அமெரிக்காவின் சி.வி.எஸ். மருந்துக் கடைகளில், தலைவலி மாத்திரை விற்கும் இடத்தில் ஒரு வீடியோ கேமராவும் விற்பனைக்கு வந்தது. விலை 29.99 டாலர். 20 நிமிடம் படம் பிடிக்கலாம். முடிந்ததும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு 12.99 டாலர் கட்டினால், பிடித்ததை டி.வி.டி.யில் போட்டுத் தருவார்கள். கேமரா அவர்களிடமே தங்கிவிடும். வாடகை சைக்கிள் மாதிரி அடுத்த ஆளிடம் போகும்.

வாங்கியவர்களில் ஒரு கூட்டம் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கேமராவின் இணைப்பு முனைகளை ஆராய்ந்தார்கள். வேறு கருவிகளின் கம்பிகளை வெட்டி ஒட்டிக் கணினியோடு பொருத்தினார்கள். படங்களை இறக்கிக்கொண்டு, நினைவகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி படம் பிடித்தார்கள். எப்படிச் செய்வது என்ற குறிப்புகள் இணையத்தில் பரவின.

அந்தக் கேமராவைச் செய்தது சான் ஃபிரான்சிஸ்கோவின் பியூர் டிஜிட்டல் டெக்னாலஜீஸ். தலைவர் ஜோனதன் கப்லன். மக்களுக்குச் சிறிய, மலிவான, படிக்காமலே இயக்கக்கூடிய வீடியோ கேமரா வேண்டும், அது தங்கள் கையிலேயே இருக்கவும் வேண்டும் என்ற செய்தியை இதைவிடத் தெளிவாக எந்தச் சந்தை ஆய்வும் சொல்லியிருக்க முடியாது. 2006ல் சொந்தமாக வைத்துக்கொள்ளும் கேமரா வந்தது. 2007 மே மாதம் அதற்கு 'ஃபிளிப்' என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 'ஃபிளிப் அல்ட்ரா' வெளியானது. வந்த வேகத்திலேயே அமேசானில் மிக அதிகமாக விற்கும் வீடியோ கேமரா ஆயிற்று.

சென்ற வாரம் பார்த்த சோனியின் 'பாஸ்போர்ட் அளவு' ஹேண்டிகேம், 1989ல் 790 கிராம் எடையோடு வந்தபோது உலகமே வியந்தது. ஃபிளிப் வரிசையில் 2008 ஜூனில் வந்த 'மினோ' 100 கிராம்கூட இல்லை. ஆனால் இந்தக் கேமராவின் சிறப்பு எடையில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அன்றாடம் பயன்படுத்தும் கேமராவை எப்படி மதிப்பிட வேண்டும் என்ற கேள்விக்கே அது ஒரு புதிய விடையைக் காட்டியது.

அதுவரை வீடியோ கேமராவை எடைபோட்டவர்கள் படத்தின் கூர்மையைப் பார்த்தார்கள், ஜூம் எத்தனை மடங்கு என்று எண்ணினார்கள், லென்ஸின் தரத்தை அலசினார்கள். எல்லாமே பதிவு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைப் பற்றிய கணக்குகள். வீட்டுக் கேமரா தோற்றுப்போவது அந்த நேரத்தில் இல்லை. குழந்தை முதல் அடி எடுத்துவைக்கும்போது கேமரா அலமாரியில், உறைக்குள், சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. இது முதல் தோல்வி. எப்படியோ படம் பிடித்துவிட்டாலும் அதை யாரும் பார்ப்பதில்லை. இது இரண்டாவது. 1990களின் நடுவிலிருந்து புழங்கிய மினி டி.வி. கேசட்டை நினைத்துப் பார்க்கலாம். அதில் ஒரு மணி நேரம் பதிவாகும். ஃபயர்வயர் கம்பி போட்டு அதைக் கணினிக்கு மாற்ற இன்னொரு முழு மணி நேரம் ஆகும். கேசட் ஓடி முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அப்படிக் காத்திருக்க யாருக்குப் பொழுது இருந்தது? கேசட்டுகள் பெட்டிகளில் தேங்கின.

பதிவுக்கு முன்னால் ஓர் இடைவெளி, பின்னால் ஓர் இடைவெளி. ஃபிளிப் இந்த இரண்டையும் குறிவைத்தது.

வடிவமைப்பில் பியூர் டிஜிட்டலோடு சேர்ந்து உழைத்தது ஸ்மார்ட் டிசைன் நிறுவனம். மூட்டுவலிக்காரர்களும் வசதியாகப் பிடிக்கும் ஆக்ஸோ சமையலறைக் கருவிகளை வடிவமைத்தவர்களும் இவர்கள்தான். அந்தக் கைப்பழக்கம் ஃபிளிப்பில் தெரிகிறது. பின்பக்கத்தின் நடுவில் பெரிய சிவப்புப் பொத்தான். அழுத்தினால் பதிவு, மறுபடி அழுத்தினால் நிறுத்தம். மேலே ஒன்றரை அங்குலத் திரை. தேர்வுப் பட்டியல் கிடையாது, மாற்றி அமைக்க எதுவும் கிடையாது. பக்கவாட்டில் ஒரு விசையைத் தள்ளினால் யூ.எஸ்.பி. முனை கத்திபோல் வெளியே நீளும். அதை நேராகக் கணினியில் செருகலாம். தனிக் கம்பி வேண்டாம், குறுந்தகடு வேண்டாம். இயக்கும் மென்பொருள் கேமராவுக்குள்ளேயே இருந்தது. செருகியதும் அது தானாகத் திறந்து, படத்தை மின்னஞ்சலில் அனுப்பவும் யூடியூபில் ஏற்றவும் வழி காட்டும். யூடியூபை 2006ல் கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியிருந்த நேரம் அது. படம் போட இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்துக்குப் படத்தை எளிதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கேமராதான் மிச்சம் இருந்தது.

நியூயார்க் டைம்ஸின் தொழில்நுட்ப எழுத்தாளர் டேவிட் போக் 2008 மார்ச்சில் இதைப் பாராட்டி எழுதினார். காகிதத்தில் பார்த்தால் பாராட்டுவதற்கு அதிகம் இல்லை. ஆப்டிகல் ஜூம் கிடையாது. இருந்த 2 மடங்கு ஜூமும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். ஃபிளாஷ் இல்லை, விளக்கு இல்லை, தனியாக மைக் செருகத் துளை இல்லை, மெமரி கார்டு போட இடமும் இல்லை. அல்ட்ராவின் படம் 640க்கு 480 புள்ளிகள்தான். ஆனால் அந்தக் குறையிலேயே ஓர் ஆதாயமும் இருந்தது. ஒரே அளவு சென்சாரில் புள்ளிகள் குறைந்தால் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும், அதிக ஒளியை வாங்கும். அதனால் ஃபிளிப், வீட்டுக்குள் மாலை வெளிச்சத்தில் விலையை மீறிய படத்தைத் தந்தது. பிறந்தநாள் கேக் வெட்டுவது பெரும்பாலும் அந்த வெளிச்சத்தில்தான்.

ஃபோகஸும் அப்படித்தான். லென்ஸ் நகராது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு அப்பால் இருப்பது எல்லாமே தெளிவாக விழும்படி அதை நிலையாகப் பொருத்திவிட்டார்கள். சென்சார் சிறிதாக இருந்தால் தெளிவின் ஆழம் கூடும் என்பதால் இது நடக்கிறது. பதிவின் நடுவில் கேமரா தடுமாறி, ஓடும் பிள்ளையை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் சுவரைத் தெளிவாக்கும் தொல்லை இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் பூவையோ கடிதத்தையோ பிடித்தால் மங்கித்தான் போகும்.

ஆட்டத்தை மட்டும் மன்னிக்க முடியாது. எடை குறையக் குறைய கை நடுக்கம் நேராகப் படத்துக்குள் போகிறது. நடுக்கத்தைத் தணிக்கும் ஏற்பாடு எதுவும் ஆரம்ப ஃபிளிப் கேமராக்களில் இல்லை. நடந்துகொண்டே எடுத்த படத்தைப் பெரிய திரையில் பார்த்தால் தலை சுற்றும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, நின்ற இடத்திலிருந்து எடுப்பதுதான் வழி.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். கேமரா மதிப்பீடுகளில் அது எப்போதும் கடைசி வரியில் வந்து போகிறது. குடும்பப் பதிவுகளில் காலம் போகப் போக மதிப்பு ஏறுவது குரலுக்குத்தான். பாட்டி சமையல் பக்குவம் சொல்லும் பதிவில் படம் சற்று மங்கலாக இருந்தாலும் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். சொல்வது கேட்கவில்லை என்றால் இரண்டாம் முறை போடமாட்டார்கள். சிறு கேமராவில் மைக் என்பது உடம்பில் ஊசித்துளை அளவுத் திறப்பு. காற்று அடித்தால் அதில் மோதி 'கொர' என்று இரையும். பிடித்திருப்பவரின் விரல் பட்டால் இன்னும் மோசம். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரின் பேச்சைவிட, கேமராவுக்குப் பின்னால் நிற்பவரின் மூச்சு பெரிதாகக் கேட்கும். அன்றைய ஃபிளிப் இதற்குத் தீர்வு தரவில்லை. தந்தது போட்டியாளர் கோடக். 2009ல் வந்த அதன் 'இசட்.ஐ.8' கேமராவில் தனி மைக் செருகும் துளை, மெமரி கார்டு, கழற்றி மாற்றும் பேட்டரி மூன்றும் இருந்தன. குரல்களைச் சேகரிக்க நினைத்தவர்களுக்கு ஃபிளிப்பைவிட அதுவே பொருத்தமான கருவி. பெயர் பெற்றது என்னவோ ஃபிளிப்தான்.

பேட்டரி விஷயத்தில் ஃபிளிப்பின் இரண்டு தம்பிகளும் இரண்டு வழியில் போனார்கள். அல்ட்ராவில் இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். மினோவில் பேட்டரி உள்ளேயே மூடப்பட்டது, கணினியில் செருகித்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அன்றைக்கு மினோ மெலிந்து அழகாக இருந்தது. லித்தியம் பேட்டரி ஆண்டுகள் போனால் தளர்ந்துவிடும். மூடிய கேமராவில் அதை மாற்றுவது கடினம், அல்ட்ராவுக்கோ புதிய பேட்டரி போட்டால் போதும். பத்து ஆண்டுக்கு மேல் ஒரு கருவியை வைத்திருக்க விரும்புகிறவருக்கு இது சிறிய வேறுபாடு இல்லை.

பதிவாகும் கோப்பின் வடிவத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஆரம்ப ஃபிளிப் கேமராக்களின் ஏ.வி.ஐ. கோப்புகளைச் சில கணினிகளில் பார்ப்பதற்கே தனி மென்பொருள் நிறுவ வேண்டியிருந்தது. 2008 நவம்பரில் வந்த 'மினோ எச்.டி.' பரவலான எம்.பி.4 வடிவத்துக்கு மாறியது. 4 கிகாபைட்டில் 60 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 67 மெகாபைட். அந்தக் கோப்புகளை இன்றைய செல்போனும் திறக்கும்.

2009 மார்ச்சில் சிஸ்கோ நிறுவனம் பியூர் டிஜிட்டலை 59 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கியது. அலுவலகங்களுக்கு இணையப் பிணைப்புக் கருவிகள் விற்கும் நிறுவனம் அது. வீட்டுக்குள்ளும் வீடியோ பெருகினால் இணையத்தின் போக்குவரத்து பெருகும், தன் வியாபாரமும் பெருகும் என்பது அதன் கணக்கு. மூன்றே மாதத்தில், ஜூனில், வீடியோ எடுக்கும் ஐபோன் 3ஜி.எஸ். வெளிவந்தது. செப்டம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, வீடியோ கேமரா பொருத்திய ஐபாட் நானோவை இந்த வகைச் சட்டைப்பைக் கேமராவோடு விலைக்கு விலை ஒப்பிட்டுக் காட்டினார். 2010ல் ஐபோன் 4 எச்.டி. வீடியோவோடு வந்தது. 2011 ஏப்ரல் 12 அன்று சிஸ்கோ ஃபிளிப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. 550 பேர் வேலையிழந்தார்கள். எடுக்கும்போதே இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பக்கூடிய அடுத்த மாடல் மறுநாளே வெளிவர இருந்தது என்று டேவிட் போக் எழுதினார். கடைக்கு வராமலே அது போய்விட்டது.

செல்போன் கொன்றது என்று இதை ஒரே வரியில் சொல்வது வழக்கம். ஃபிளிப் வகுத்த அளவுகோலில் பார்த்தால் செல்போன் வென்றது நியாயம்தான். முன்னால் இருக்கும் இடைவெளியை அது இன்னும் குறைத்தது, எப்போதும் உடம்போடு இருக்கிறது. பின்னால் இருக்கும் இடைவெளியை அடியோடு ஒழித்தது, எடுத்த இடத்திலிருந்தே அனுப்பிவிடலாம். ஆனால் செல்போனில் படம் எடுக்கும்போது அழைப்பு வரும். நினைவகம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும். பேட்டரி தீர்ந்தால் வீட்டுக்கு வண்டி கூப்பிடவும் வழியிருக்காது. எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து 'போய் எடுத்து வா' என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. தனிக் கேமராவுக்கு இன்னும் இடம் இருப்பது இதனால்தான்.

அந்த இடத்தில் இன்று அதிகம் பேசப்படுவது சீனாவின் ஷென்ஜென் நகரிலிருந்து டி.ஜே.ஐ. நிறுவனம் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'ஆஸ்மோ பாக்கெட் 3'. எடை 179 கிராம், அறிமுக விலை 519 டாலர். ஃபிளிப்பின் மன்னிக்க முடியாத குறையை இது நேருக்கு நேர் தீர்த்தது. லென்ஸ் மூன்று அச்சில் சுழலும் சிறு தாங்கியில் நிற்கிறது, கை எவ்வளவு ஆடினாலும் அது எதிர்த் திசையில் திரும்பிச் சமன் செய்கிறது. திரையைப் பக்கவாட்டில் திருப்பினால் கேமரா உயிர்பெறும். சிவப்புப் பொத்தானின் எளிமைக்கு இது நல்ல வாரிசு. ஒரு அங்குல சென்சார் இருப்பதால் இருட்டிலும் சமாளிக்கிறது. குரலுக்குச் சட்டையில் மாட்டும் கம்பியில்லா மைக்கையும் இணைக்கலாம்.

இழந்ததும் உண்டு. புதிதாக வாங்கியவர் செல்போன் செயலி மூலம் முதலில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். உள்ளே நினைவகம் இல்லை, மெமரி கார்டு தனியாக வாங்க வேண்டும். சுழலும் தாங்கி மென்மையானது. மணலுக்கும் மழைக்கும் பயப்பட வேண்டும். உச்சத் தரத்தில் 4கே படம் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் போகும். ஒரு கல்யாணத்தை அப்படி எடுத்துவிட்டு வந்தால், கோப்புகளை மாற்றவும் சேமிக்கவும் ஆகும் பொழுதில் பழைய கேசட் பெட்டி வேறு உருவில் திரும்பி வந்துவிடும். குடும்பப் பதிவுக்கு 1080 தரமே தாராளம். டி.ஜே.ஐ. கணக்கின்படி அந்தத் தரத்தில், நொடிக்கு 24 சட்டம் என்று வைத்தால், முழு சார்ஜில் 166 நிமிடம் ஓடும்.

கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் ஜூமைத் தேடாமல், அணைத்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டு, எடுத்து, பதிவு தொடங்கும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். வாசலுக்கு வந்து, வண்டிகள் போகும் சாலைப் பக்கம் நின்று, கூட வந்தவரை இரண்டு மீட்டர் தள்ளிப் பேசச் சொல்லிப் பதிய வேண்டும். பத்தடி நடந்துகொண்டே எடுக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பைத் தன் செல்போனுக்கு மாற்றி, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி, அவரால் திறக்க முடிகிறதா, பேச்சு கேட்கிறதா என்று கேட்க வேண்டும். இதற்கெல்லாம் இடம் கொடுக்காத கடையில் வாங்கத் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது.

ஃபிளிப் சாய்ந்த அதே நாட்களில் இன்னொரு சிறு கேமரா மட்டும் செல்போனுக்கு அசையாமல் வளர்ந்தது. செல்போன் போக முடியாத அலைகளுக்குள் அது போனது. கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர் நிக் வுட்மன் தொடங்கிய கோப்ரோவின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)