டி.எஸ்.ஓ. என்பது யாது?

பெருங்கணிப்பொறிகளை இயக்கும் முறை பற்றிய கையேடு ஒன்று சில மாதங்களுக்கு முன் தமிழாக்கத்துக்காக என்னிடம் வந்தது. டில்லியின் தென்மேற்கே துவாரகாவில், வீட்டு மேசையில் அமர்ந்து அதன் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியம் என்னைத் திடுக்கிடச் செய்தது: "டி.எஸ்.ஓ. மூலம் பி.டி.எஸ்.ஸில் உள்ள உறுப்பினரைத் திருத்துக." இதனை எழுதியவன் நானே. இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும், ரேஷன் அட்டை வைத்திருக்கும் தமிழர் எவரும், வட்ட வழங்கல் அலுவலரிடம் சென்று, பொது விநியோகத் திட்டத்தின்கீழ் உள்ள தம் குடும்ப உறுப்பினர் பெயரைத் திருத்திக்கொள்ளுமாறு அரசாங்கம் கூறுவதாகவே இதற்குப் பொருள் கொள்வர்.

கணிப்பொறியில் இவற்றின் பொருள் முற்றிலும் வேறு. ஐ.பி.எம். நிறுவனம் 1964-ஆம் ஆண்டில் அறிவித்த 360 வரிசை யந்திரங்களில், பல சிறு பகுதிகளைத் தன்னுள் அடக்கிய ஒருவகைப் பெருங்கோப்பு உண்டு. அதுவே பி.டி.எஸ். அதனுள் அடங்கிய ஒவ்வொரு பகுதிக்கும் 'உறுப்பினர்' என்று பெயர். 1971-இல் இவ்வரிசையுடன் சேர்க்கப்பெற்ற டி.எஸ்.ஓ. என்பது நேரப் பகிர்வு வசதி. பலர் ஒரே சமயத்தில் தத்தம் முனையத்தில் அமர்ந்து ஒரே யந்திரத்தை உபயோகிக்க இது உதவுகிறது. இவ்விரண்டும் இன்றைய பெருங்கணிப்பொறிகளிலும் வழங்குகின்றன.

தமிழில் எழுதும்போது இத்தொல்லை பெருகுகிறது. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் நமக்கு 'டி' என்ற ஒன்றே. இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் 'பி' என்ற ஒன்றே. ஆகவே, ஆங்கிலத்தில் வேறுபட்டு நிற்கும் மாவட்ட வழங்கல் அலுவலரும் வட்ட வழங்கல் அலுவலரும் தமிழில் ஒரே 'டி.எஸ்.ஓ.' ஆகிவிடுகின்றனர். பல் வைத்தியப் பட்டமும் பி.டி.எஸ். தான்! கரும்பலகையில் இவ்வெழுத்துக்களை மட்டும் கண்ட மாணவன் எதனை நினைத்துக்கொள்வான்?

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இத்துன்பம் இல்லாமற் போகவில்லை. 360 வரிசைக்கென ஐ.பி.எம். நிறுவனமும் 'ஷேர்' என்னும் உபயோகிப்பாளர் சங்கமும் வகுத்த கணிப்பொறி மொழிக்கு முதலில் 'புதிய நிரல் மொழி' என்று பெயரிட்டனர். ஆங்கிலச் சுருக்கம் என்.பி.எல். அதுவோ இங்கிலாந்தின் தேசீய பௌதிக ஆய்வுக்கூடத்தின் சுருக்கப் பெயர். அதுவும் கணிப்பொறிக்குத் தொடர்பற்ற இடமன்று: டூரிங்கின் திட்டத்தை ஒட்டி அமைந்த 'பைலட் ஏஸ்' என்னும் கணிப்பொறி 1950-இல் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு 1965-இல் மொழியின் பெயர் 'பி.எல். ஒன்று' என மாற்றப்பட்டது. டில்லியில் 1950 ஜனவரியில் திறக்கப்பெற்ற தேசீய பௌதிக ஆய்வுக்கூடமும் என்.பி.எல். என்றே வழங்குகிறது.

கணிப்பொறியோடு தொடர்பற்ற களப்பணியாளருக்கும் இதில் அக்கறை உண்டு. துவாரகாவின் எட்டாம் செக்டாரில் தேசீய மலேரியா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; சுருக்கம் என்.ஐ.எம்.ஆர். தான்சானியாவின் தேசீய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கும் அதே சுருக்கம்; அதுவும் மலேரியாவை ஆராய்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவில் அந்நோயைப் பரப்பும் முதன்மையான கொசு அனாபிலிஸ் காம்பியே. நம் கிராமங்களில் அனாபிலிஸ் குலிசிபேசீஸ். கொசு மருந்து பற்றிய முடிவொன்றை "என்.ஐ.எம்.ஆர். கண்டது" என்று மட்டும் எழுதினால், தெளிப்பான் ஏந்திச் செல்பவர் எந்தக் கொசுவைப் பற்றிய முடிவென்று எங்ஙனம் அறிவார்?

அச்சுப்படியில் என் வாக்கியத்தை அடித்துவிட்டு, "நேரப் பகிர்வு வசதியைக் கொண்டு, பகுப்புக் கோப்பினுள் உள்ள உரிய பகுதியைத் திருத்துக" என்று எழுதினேன். 'உறுப்பினர்' என்ற சொல்லையும் நீக்கிவிட்டேன். வரி நீண்டுவிட்டது, அதற்கு இடம் காணக் கீழே இருந்த படத்தைச் சிறிது குறைக்க வேண்டியதாயிற்று.