புகைவண்டி விட்டுச் சென்ற பாதை

ஓர் ஊரை மற்றோர் ஊருடன் இணைப்பது வழி. காலத்துக்கேற்ப வழியும் மாறுகிறது. ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதையாயிற்று. வண்டிப் பாதைக்குத் துணையாக இருப்புப்பாதை வந்தது. அது வந்த நாளில் அதற்கும் ஒரு முடிவு வரும் என்று எவரும் எண்ணியிரார். ஆயினும், ஐரோப்பாவின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலைச் சார்ந்த நாடுகளில், இருப்புப்பாதைகள் பலவற்றுக்கு அம்முடிவு வந்தது. அம்முடிவையே புதியதொரு தொடக்கமாக்கிக் கொண்ட மக்களின் முயற்சி ஈண்டு அறியத்தக்கது.

ஸ்பெயின் நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிளைப்பாதைகள் பல அமைக்கப்பட்டன. சுரங்கங்களிலிருந்து கனிப்பொருள்களையும், சிற்றூர்களிலிருந்து விளைபொருள்களையும் அவை சுமந்து சென்றன. பின்னர்ப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் பெருகின. புகைவண்டிக்குப் பயணிகள் குறைந்தனர், சரக்கும் குறைந்தது, வருவாயும் குன்றியது. பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1993ஆம் ஆண்டில் அந்நாட்டில் வண்டி ஓடாத பாதைகள் 7600 கிலோமீட்டருக்கும் மேலாக இருந்தன.

புதர் மண்டிக் கிடந்த அந்நிலத்தை என் செய்வது? துண்டு துண்டாக விற்றுவிடுதல் எளிது. ஆனால் இருப்புப்பாதை நிலத்தின் சிறப்பு அதன் அகலத்தில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. அகலம் சில மீட்டரே. நீளமோ பல கிலோமீட்டர். நடுவே ஒரு வயலளவு நிலம் கைவிட்டுப் போயினும், எஞ்சிய நீளம் முழுவதும் பயன் குன்றும். சிதறிப்போன நிலத்தை மீண்டும் ஒன்று சேர்ப்பதோ மிக அரிது. இதனை உணர்ந்தோர் 1993ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தனர். நடுவணரசும், இருப்புப்பாதை நிறுவனங்களும், வட்டார ஆட்சியினரும் அதில் கைகோத்தனர். தண்டவாளம் நீங்கிய பாதைகளைச் செப்பனிட்டு, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரியவையாக்குவதே அத்திட்டம். அப்பாதைகளுக்குப் ‘பசும்பாதைகள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இன்று அந்நாட்டில் 3000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பசும்பாதைகள் உள்ளன.

இருப்புப்பாதை மிதிவண்டிக்கு இத்துணைப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால் சிறு விசையும் பெரும் பாரத்தை இழுத்துச் செல்லும். சமநிலத்தில் நன்மையாகும் இதுவே, செங்குத்தான ஏற்றத்தில் தீமையாகிவிடும். பிடிப்பின்றிச் சக்கரம் வழுக்கும். ஆகவே பொறியாளர்கள் மேடுகளை வெட்டினர். பள்ளங்களில் கரை எழுப்பினர். ஆறுகளின்மேல் பாலமும், மலைகளினூடே சுரங்கவழியும் அமைத்தனர். மலைச்சரிவுகளில் பாதையை வளைத்து வளைத்து மெல்ல ஏற்றினர். நீராவி எஞ்சினுக்காக அன்று செய்த ஏற்பாடு, இன்று சிறுவனின் கால்களுக்கும் முதியவரின் முழங்கால்களுக்கும் துணை புரிகின்றது.

இதற்குச் சான்றாக ஒரு பாதையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில் கத்தலோனியா என்னும் பகுதி உள்ளது. அங்கே மலைகளிடையே ஒலோட் என்னும் நகரும், கடற்கரையில் சன் பெலியு தெ கிஷோல்ஸ் என்னும் துறைமுக நகரும், இரண்டற்கும் இடையே ஜிரோனா என்னும் பழம்பெரு நகரும் இருக்கின்றன. ஜிரோனாவிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் சிறிய இருப்புப்பாதை 1892ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மலைப்பக்கம் செல்லும் பாதை பகுதி பகுதியாக வளர்ந்து, 1911ஆம் ஆண்டில் ஒலோட்டை அடைந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 75 சென்டிமீட்டர் அகலமே உடைய அவ்விரு பாதைகளிலும் ஓடிய வண்டியை மக்கள் ‘கரிலெட்’ என்று அழைத்தனர். சிறிய இரயில் என்பது அதன் பொருள். 1969ஆம் ஆண்டில் இரு பாதைகளும் மூடப்பட்டன. இன்று அவை பசும்பாதைகளாக விளங்குகின்றன. ஒலோட்டிலிருந்து ஜிரோனா வரை ஏறத்தாழ 54 கிலோமீட்டர். அங்கிருந்து கடல் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

ஒலோட் எரிமலைகள் சூழ்ந்த நகரம். அவ்வட்டாரத்தில் 40 எரிமலைகள் வரை உள்ளன. அவையெல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடப்பவை. இன்று அவற்றின் சரிவுகளில் மரங்கள் செழித்துள்ளன. 1982ஆம் ஆண்டு முதல் அந்நிலம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்கிருந்து புறப்படும் மிதிவண்டி சிறிது தொலைவு ஏறி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாயை அடைகிறது. அதன்பின் ஜிரோனா வரை பெரும்பாலும் இறக்கமே. ஆயினும் அஃது அச்சம் தரும் இறக்கம் அன்று; கிலோமீட்டருக்குச் சராசரியாக 12 மீட்டர் அளவே தாழும். மரநிழலும், ஆற்றோசையும், கல்லால் கட்டிய சிற்றூர்களும் உடன் வருகின்றன. பழைய நிலையங்கள் சிலவற்றில் இப்பொழுது வழிப்போக்கர்கள் இளைப்பாறுகின்றனர்.

ஜிரோனா ஒஞ்ஞார் ஆற்றங்கரையில் அமைந்த நகரம். அங்குள்ள பெருங்கோவிலின் நடுமண்டபம் தூண்களின் இடையீடு இன்றி ஏறத்தாழ 23 மீட்டர் அகலம் உடையது. காத்திக் முறையில் கட்டப்பட்ட கோவில்களில் இதனினும் அகன்ற மண்டபம் உடையது வேறில்லை. பாரிசு நகரின் கோபுரத்தால் புகழ்பெற்ற ஐபெல் என்பாரின் நிறுவனம், அக்கோபுரத்துக்கு முன்பே, 1877ஆம் ஆண்டில், கட்டிய இரும்புப் பாலம் ஒன்றும் இந்நகரில் உண்டு.

நகரைக் கடந்ததும் வயல்களும் சிறு காடுகளும் தொடர்கின்றன. இவ்வட்டாரத்தின் செல்வம் தக்கை மரம். புட்டிகளை அடைக்கும் தக்கை இம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்தெடுப்பர். ஒன்பது முதல் பதினான்கு ஆண்டுகளில் பட்டை மீண்டும் வளர்ந்துவிடும். காசா, யாகோஸ்தெரா முதலிய ஊர்களில் தக்கைத் தொழில் ஓங்கிய நாளில், கரிலெட் அச்சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தது. அதே வழியில் இன்று மிதிவண்டிகள் கடலை நோக்கி இறங்குகின்றன. வழியின் முடிவில் மத்தியதரைக் கடலின் நீலம் கண்முன் விரிகின்றது.

இம்முயற்சி ஸ்பெயினோடு நின்றுவிடவில்லை. இத்தாலியின் வடமேற்குக் கரையில், லிகூரியா என்னும் பகுதியில், கடலை ஒட்டி ஓர் ஒற்றை இருப்புப்பாதை இருந்தது. 2001ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாக உள்நாட்டில் இரட்டைப் பாதை திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட கடலோர நிலம் சான் ரெமோ நகரின் வழியாகச் செல்லும் 24 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையாயிற்று. மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருங்கிய அக்கரையில், இதைப்போன்ற சமதளப் பாதையைப் புதிதாக அமைப்பதென்றால் எத்துணைப் பொருள் செலவாகியிருக்கும்!

இப்பாதைகளின் பெரும்பயன் காட்சியின்பம் மட்டுமன்று. விரைந்தோடும் ஊர்திகள் நிறைந்த சாலையில் வல்லவரே மிதிவண்டி ஓட்ட இயலும். சிறுவரும் முதியோரும் அஞ்சி ஒதுங்குவர். பசும்பாதையிலோ தாயும் குழந்தையும் அருகருகே செல்லலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்தவரும் பல இடங்களில் இடரின்றிச் செல்லலாம். எனினும், பாதை முழுவதும் ஊர்திகளே இல்லாதது என்று எண்ணிவிடலாகாது. ஊர்களுக்குள் அது தெருவோடு கலக்கும். சில இடங்களில் சாலையைக் குறுக்கே கடக்கும். அங்கெல்லாம் நின்று நோக்கிச் செல்லுதல் வேண்டும். நடந்து செல்வோருக்கு வழிவிடுதல் மிதிவண்டியில் செல்வோரின் கடமை. கோடையில் அந்நாடுகளில் மழை அரிது, வெயில் கடுமையானது. ஆதலின் காலையில் புறப்படுதலும், வேண்டிய அளவு நீர் கொண்டு செல்லுதலும் நலம்.

இரும்பைப் பெயர்த்தெடுத்தவர்கள் நிலத்தையும் பங்கிட்டுத் தீர்த்திருந்தால், இப்பாதைகளில் ஒன்றேனும் இன்று இராது. முன்னோர் பெருமுயற்சியால் அமைத்த பொதுப்பொருள், தன் முதற்பயன் தீர்ந்தபின்பும் வேறொரு பயனைத் தன்னுள் கொண்டிருக்கலாம். அப்பயன் புலப்படும் வரை அதனைச் சிதையாமல் காப்பது பின்னோர் கடன்.