விடையும் வழியும்

கேத்திரகணிதம், அட்சரகணிதம், இலக்கணம் என்னும் மூன்றும் மாணாக்கர் பலர்க்கு அச்சந்தரும் பாடங்களாயுள்ளன. "எனக்குக் கணக்கு வராது", "எனக்கு இலக்கணம் ஏறாது" எனப் பன்னிரண்டு வயதிலேயே தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொள்ளும் பிள்ளைகள் உளர். அவர்களுட் பலர்க்குக் குறைந்தது அறிவன்று, ஒவ்வொரு படியிலும் நின்று, "இஃது எதனால்?" என்று வினாவும் பழக்கமேயாம். இதனை மூன்று எளிய எடுத்துக்காட்டுக்களால் விளக்குவாம்.

முக்கோணியின் மூன்று கோணங்களுஞ் சேர்ந்து 180 பாகையாகும். பாகைமானியால் அளக்கும் மாணவன் 179 என்றோ 181 என்றோ பெறுதல் கூடும். ஆயிரம் முக்கோணிகளை அளந்தாலும் ஆயிரத்தோராவது முக்கோணிக்கு அவ்வளவை உறுதி கூறாது. இனி, முக்கோணியின் உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைக. அடிக்கோணங்கள் இரண்டும், உச்சியின் இருபுறத்துமுள்ள ஒன்றுவிட்ட கோணங்களுக்கு முறையே சமன். அவ்விரண்டும் உச்சிக்கோணமும் ஒரு நேர்கோட்டின்மேல் அமைதலால் அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகை. இக்காரணம் உலகிலுள்ள எல்லா முக்கோணிகளுக்கும் ஒருங்கே பொருந்தும். இயூக்கிளிட்டு தம் நூலின் முதற் புத்தகத்தில் 32ஆவதாக இத்தேற்றத்தை வைத்து நிறுவியுள்ளார்.

இலக்கணமும் இவ்வாறே. மரம் என்பதனோடு வேர் சேர மரவேர் ஆகின்றது. ஈற்று மகரம் கெட்டது. கிளை சேர மரக்கிளை ஆகின்றது. மகரம் கெட்டு, வல்லெழுத்து மிகுந்தது. அடி சேர மரவடி ஆகின்றது. மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றியது. இவற்றை மனனஞ்செய்து, "மகரம் கெடும்" என்று மட்டுங் கொண்டவன், "மரம் குறிது" என்பதைப் புணர்க்குமிடத்து இடர்ப்படுவான். அது மரங்குறிது என மகரம் ஙகரமாய்த் திரியும். மரக்கிளை வேற்றுமைப் புணர்ச்சி. மரங்குறிது எழுவாய்த் தொடராகிய அல்வழிப் புணர்ச்சி. பொருட்டொடர்பை நோக்கியே விதியைத் தெரிதல் வேண்டும். பவணந்தியார் நன்னூலிலும், நம் ஆறுமுக நாவலர் இலக்கணச் சுருக்கத்திலும் விதிகளை வகுத்தது காரணங்காட்டுதற்கேயாம்.

இனி அட்சரகணிதம். ஓரெண்ணின் வர்க்கம் அவ்வெண்ணின் ஐந்து மடங்குக்குச் சமன்; அவ்வெண் யாது? அதனை ய என்போம். ய² = 5ய. இருபுறத்தையும் ய ஆல் வகுத்து, ய = 5 என விடையெழுதி எழுந்துவிடுவார் பலர். விடை பிழையன்று, ஆயினும் பாதியே. ய பூச்சியமாயின் அதனால் வகுத்தல் ஆகாது என்பதை அவர் நோக்கிலர். ய² − 5ய = 0 என எழுதி, ய(ய − 5) = 0 எனக் காரணிப்படுத்தினால், 0, 5 என்னும் இரு விடைகளும் வெளிப்படும். மரவேரில் மகரத்தைக் கெடுத்தற்கு விதியுண்டு. இங்கு யகரத்தைக் கெடுத்தற்கு விதி யாது என்று ஒருகணம் வினாவியிருப்பின், பூச்சியம் தொலைந்திராது.

பழைய மாணவர்களாகிய அன்பர்களே! நும்முட் பலர் இன்று தந்தையராயும் பாட்டனாராயும் இருக்கின்றீர்கள். கைத்தொலைபேசியே நொடியில் விடைதரும் இந்நாளில், விடையை மட்டும் கேட்பதாற் பயன் சிறிதே. பிள்ளையின் கொப்பியை வாங்கி, ஏதேனும் ஒரு வரியைச் சுட்டி, "இஃது எதனால் வந்தது?" என்று கேளுங்கள். அவன் தயங்குமிடமே நீங்கள் அருகிருந்து கற்பிக்கவேண்டிய இடம். அங்கே கைகொடுத்தால், "எனக்கு வராது" என்னுந் தீர்ப்பை அவன் தானே மாற்றி எழுதுவான்.