முக்திநாத் மலைக்கு நடக்கணுமா? முதலில் கணக்கு போடுங்க!



108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத், நேபாளத்தில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கு. ஜீப் போகும். "மலைப்பாதையில நடந்து போனா என்ன?" என்று சில குழுக்களில் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். விசா வேண்டாம், பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு வாக்காளர் அட்டை போதும்.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்க: நம்ம ரூபாய், நேபாள ரூபாய். நம்ம 100 அங்கே 160. சாப்பாடு 800 என்றால் மிரள வேண்டாம், நம்ம காசில் 500தான். அன்னபூர்ணா பகுதி நுழைவுச் சீட்டு நமக்கு 1,000 நேபாள ரூபாய், அதாவது 625. மேலே ஏற ஏற விலையும் ஏறும். வெந்நீருக்கும் செல்போன் சார்ஜுக்கும்கூட சில விடுதிகளில் தனிக் காசு.

பலரும் மறக்கிற செலவு, சும்மா உட்காரும் நாள். பொக்ராவிலிருந்து ஜோம்சோம் போகும் சிறு விமானம் காலையில்தான் பறக்கும். அப்புறம் காற்று பலமாகிடும். வானிலை கெட்டால் ரத்து. ஜோம்சோமே 2,700 மீட்டர். அங்கே தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறவே கூடாது. தங்கணும்; குறையலைன்னா இறங்கணும். கையில் காசு தீர்ந்தவங்கதான் "இவ்வளவு செலவு பண்ணி வந்தோமே" என்று ஏறிடுறாங்க. உயிருக்கே ஆபத்து!

அதனால 2 நாள் தங்கும் செலவைத் தனியாக முடிந்து வையுங்க. ஸ்வெட்டர் வாங்க அதைத் தொடக் கூடாது. செலவாகாமல் திரும்பினால் குழுச் சேமிப்பில் போட்டுடலாம்.